எந்தத் தெருவில் போய் இறங்குவது? – 'டைம்லைன்' நாவலும் அதன் வாசகர்களும்

மைக்கேல் கிரைட்டனின் 'டைம்லைன்' 1999இல் வந்த நாவல். 'ஜுராசிக் பார்க்' எழுதிய அதே அமெரிக்கர். 2003இல் இதைப் படமாக எடுத்தார்கள், படம் ஓடவில்லை. 2008இல் கிரைட்டனும் இறந்துவிட்டார். நாவல் மட்டும் இருபத்தைந்து வருசம் தாண்டியும் கைமாறிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள் இன்னமும் அதைப் பற்றி வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நாவலோடு சேர்த்து அந்தப் பேச்சையும் பார்க்கப்போகிறோம். ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது, அதன் வாசகர்கள் எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

கதை இதுதான். பிரான்சில் தோர்தோன் ஆற்றங்கரையில் இடிந்த கோட்டைகளையும் ஒரு மடத்தையும் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் குழு அகழ்ந்துகொண்டிருக்கிறது. பேராசிரியர் காணாமல் போகிறார். மடத்தில் தோண்டியெடுத்த தோல்சுவடியில் அவருடைய கையெழுத்தில் உதவி கேட்டு ஒரு வரி, 1357 என்று தேதி போட்டு. குழுவுக்குப் பணம் கொடுக்கிற ஐ.டி.சி. என்ற கம்பெனி குவாண்டம் எந்திரம் வைத்து ஆட்களைப் பழங்காலத்துக்கு அனுப்புகிறது என்பது அப்புறம் தெரியவருகிறது. அவரை மீட்க மூன்று பேர் போகிறார்கள். கையில் 37 மணி நேரம். அங்கே நூறாண்டுப் போர் (1337–1453) நடக்கிறது. ஒரு பக்கம் லார்ட் ஆலிவர் என்கிற இங்கிலாந்துப் பிரபு. இன்னொரு பக்கம் ஆர்னோ தெ செர்வோல் என்கிற கூலிப்படைத் தலைவன் (இவன் வரலாற்றில் நிஜமாகவே இருந்தவன்). வாள், குதிரை, சுரங்கம், தீ. கடைசியில் இரண்டு பேர் பேராசிரியரோடு திரும்புகிறார்கள். மாரெக் என்கிறவன் மட்டும் 1357லேயே தங்கிவிடுகிறான்.

வாசகர்கள் சொல்வதை ஐந்து வகைக்குள் அடக்கிவிடலாம். முதல் வகை: கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை, அவ்வளவு வேகம். இரண்டாவது: வேகம் சரி, பாத்திரங்கள் எல்லாம் அட்டையில் வெட்டினது, சினிமாவுக்காகவே எழுதினது. மூன்றாவது விஞ்ஞானச் சண்டை: வேறொரு பிரபஞ்சத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அங்கே எழுதின சீட்டு நம் உலகத்து மண்ணுக்குள் எப்படி வந்தது என்கிற கேள்வி (நியாயமான கேள்விதான்). நாலாவது வகையினர் கிரைட்டனுக்கு நன்றி சொல்கிறார்கள்: இடைக்காலத்தை 'இருண்ட காலம்' என்று ஒதுக்கின பொய்யை உடைத்தார், கடைசியில் வரலாற்று நூல் பட்டியலே கொடுத்திருக்கிறார் என்று. ஐந்தாவது வகையினர் மாரெக்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். நானாக இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன் என்கிறார்கள்.

இந்த ஐந்துமே படித்த, அறிவுள்ள ஆட்களின் கருத்துகள்தான். இவற்றில் இல்லாமல் போன ஒரு கேள்விதான் நம்முடையது. 1357க்குப் போகிறாய், சரி. யாராகப் போகிறாய்? எந்தத் தெருவில் போய் இறங்குகிறாய்?

1

நாவலில் பயணத்துக்கான ஏற்பாட்டைக் கவனியுங்கள். காதுக்குள் ஒரு கருவி. பழைய பாஷைகளை மொழிபெயர்த்துச் சொல்லும். உடம்பில் அந்தக் காலத்து உடுப்பு. அவ்வளவுதான், கிளம்பலாம். கிறிஸ் என்கிற மாணவன் போய் இறங்கின கொஞ்ச நேரத்திலேயே பிடிபடுகிறான். தான் உயர்குடி என்கிற மாதிரி வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். உடனே பிரபுக்களின் சபைக்குள் போய்விடுகிறான். உயர்குடி என்றால் ஈட்டிச் சண்டைக்கு வா என்று குதிரைமேல் ஏற்றிவிடுகிறார்கள். வாசகருக்கு இது பயமும் சிரிப்புமான இடம். குதிரை ஓட்டத் தெரியாதவன் விழுவானா எழுவானா என்று பக்கத்தைப் புரட்டுகிறார்.

நாம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறோம். ஒரு வார்த்தை சொன்னால் உயர்குடி ஆகிவிடலாமா? அப்படிச் சொல்லிப் பிழைக்க முடியும் என்ற நம்பிக்கை யாருக்கு வரும்? வாழ்நாளில் யாரும் தன்னை 'நீ யாரு, எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், அப்பன் பேரென்ன' என்று நோண்டிக் கேட்காத ஒருவனுக்குத்தான் வரும். நம்மாட்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமே இந்தப் பரீட்சையை எழுதிக்கொண்டிருக்கிறோம். வீடு வாடகைக்குக் கேட்கப் போனால் இரண்டாவது தடவை எழுதுகிறோம். பிறப்பால் மனுசனை அளக்கிற ஒரு சமூகத்துக்குள் காதுக்கருவியோடு நுழைந்து தப்பிவிடலாம் என்பதுதான் இந்த நாவலின் உண்மையான மாயாஜாலம். குவாண்டத்தைச் சந்தேகப்பட்டவர்கள் இதைச் சந்தேகப்படவில்லை.

இன்னொன்று. காவலுக்கென்று இரண்டு பேரைக் கூட அனுப்புகிறார்கள், கோமெஸ், பாரெட்டோ என்று பெயர். போன சில நிமிசங்களிலேயே இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். அவர்களுக்கு அம்மா அப்பா உண்டா, பிள்ளைகுட்டி உண்டா, எதுவும் நமக்குச் சொல்லப்படவில்லை. கதை தொடங்க இரண்டு பிணம் வேண்டியிருந்தது, கூலிக்கு வந்தவர்கள் கிடைத்தார்கள். பாத்திரங்கள் அட்டை என்று குறைப்படுகிற வாசகர்கள் பேராசிரியரையும் மாணவர்களையும் மனசில் வைத்துத்தான் சொல்கிறார்கள். அட்டையாக்கூட வெட்டாமல் விட்டது யாரை என்று பார்க்கவில்லை.

2

கிரைட்டன் வரலாறு படித்துத்தான் எழுதினார் என்பதை நாம் மறுக்கவில்லை. கோட்டையின் மதில், வாளின் கனம், முற்றுகை போடும் விதம் எல்லாம் தெரிந்து எழுதுகிறார். பிரபுக்களைப் புனிதர்களாகவும் காட்டவில்லை, அடியாட்களாகத்தான் காட்டுகிறார். ஆனால் அதே மண்ணில், அதே நூற்றாண்டில் வேறு சிலதும் நடந்தன.

நாவல் நடக்கிற பகுதியின் பெரிய ஊர் பெரிகோ. 1321 ஏப்ரலில் அந்த ஊரில் தொழுநோயாளிகளைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். கிணற்றிலும் ஊற்றிலும் விசம் கலந்தார்கள் என்று குற்றச்சாட்டு. சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள், எரித்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி, ஜூனில் மன்னன் ஐந்தாம் பிலிப்பே ஆணை போட்டான். அப்புறம் யூதர்கள் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள் என்று கதை வளர்ந்தது. நாவலின் காலத்துக்கு 36 வருசம் முந்தித்தான் இதெல்லாம். 1348இல் கொள்ளைநோய் வந்தபோது மறுபடியும் அதே கிணற்றுப் பழி, யூதர்கள்மேல். 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். தண்ணியைத் தீட்டாக்கிவிட்டான் என்கிற குற்றச்சாட்டு எப்படிப்பட்டது என்று இதை வாசிக்கிற நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் தெற்கே போனால் கஸ்கோனி, பெயார்ன், நவார் பகுதிகள். அங்கே பிற்காலத்தில் 'காகோ' என்று அழைக்கப்பட்ட ஒரு சனம் இருந்தது. வேறு மதமில்லை, வேறு பாஷையில்லை, நிறத்திலும் வித்தியாசமில்லை. ஆனாலும் ஊருக்கு வெளியே தனிக்குடியிருப்பு. தேவாலயத்தில் அவர்களுக்கென்று தனிச் சின்ன வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. பல ஊர்களில் அப்பத்தைக் குச்சி நுனியில் வைத்து நீட்டினார்கள். உடுப்பில் வாத்துக்கால் மாதிரிச் சிவப்பு அடையாளம் தைத்துக்கொள்ளச் சொன்ன இடங்களும் உண்டு. பெரும்பாலும் தச்சுவேலைதான் அவர்களுக்கு விடப்பட்டது. ஊருக்கெல்லாம் கூரை போட்டுக் கொடுத்தவன் சின்ன வாசலில் குனிந்து போனான். பல நூற்றாண்டு இது நடந்தது. ஐரோப்பாவில் சாதி மாதிரி ஒன்றும் கிடையாது என்று பேசுகிற நம்மூர் அறிஞர்களும் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

அடுத்து அந்த மாவு மில். நாவலில் ஆற்றுப் பாலத்தின் மேலே தண்ணீரில் ஓடுகிற மில்கள் வருகின்றன, அங்கே பெரிய சண்டையே நடக்கிறது. சக்கரம், பல், இருசு என்று நுணுக்கமான வர்ணனை; விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் குடியானவனுக்கு மில் என்றால் என்ன? பிரபுவின் மில்லில்தான் அரைக்க வேண்டும், அரைத்த மாவில் அவனுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று கட்டாயம். வீட்டில் திருகை வைத்திருந்தால் குற்றம். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் 1331 வாக்கில் ஊராரின் திருகைகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டுவந்து மடத்துத் தரையில் கல்லாகப் பதித்துவிட்டார். ஐம்பது வருசம் கழித்து 1381 உழவர் எழுச்சியில் சனங்கள் மடத்துக்குள் புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்து, கல்லை உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தாத்தனிடமிருந்து பிடுங்கினதை அரை நூற்றாண்டு மறக்காமல் வைத்திருந்து பேரன் போய்த் தோண்டியிருக்கிறான். எந்த ஈட்டிச் சண்டைக்கும் குறையாத கதை இது. இதை எழுத வாளும் குதிரையும் தேவையில்லை என்பதுதான் இதன் குறை போலிருக்கிறது.

நாவல் 1357 ஏப்ரலில் நடக்கிறது. ஒரே ஒரு வருசம் தள்ளிப் போயிருந்தால்? 1358 மே கடைசியில் பாரிசுக்கு வடக்கே குடியானவர்கள் எழுந்தார்கள். 'ஜாக்' என்று பிரபுக்கள் அவர்களை இளக்காரமாகக் கூப்பிட்ட பெயரிலேயே அந்த எழுச்சிக்கு 'ஜாக்கரி' என்று பெயர் நிலைத்தது. தலைவன் கியோம் கால். பேச்சுவார்த்தைக்கு வா என்று கூப்பிட்டு அவனைப் பிடித்துக்கொண்டு, தலையில்லாத கூட்டத்தை மெல்லோ என்ற இடத்தில் வெட்டிச் சாய்த்தார்கள். அவனையும் கொன்றார்கள். மோ நகரத்தில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே ஜாக்குகளை வெட்டினவர்களின் தலைவர்கள் இரண்டு பேர்: ஒருவன் இங்கிலாந்து ராஜாவுக்காகச் சண்டை போட்ட கப்தால் தெ பூஷ், இன்னொருவன் ஃபுவா பிரபு காஸ்தோன். போரில் வேறு வேறு பக்கம் சாய்ந்தவர்கள், குடியானவனை வெட்ட ஒரே குதிரைப்படையில் சேர்ந்தார்கள். இதை எழுதிவைத்த ஃப்ருவாசார் என்கிற வரலாற்றுக்காரர் செத்தவர்களைக் கறுத்த, குட்டையான, சரியான ஆயுதம்கூட இல்லாத ஆட்கள் என்ற பொருளில் விவரிக்கிறார். அவர் பேனா எந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆலிவர் ஜெயிப்பானா ஆர்னோ ஜெயிப்பானா என்று பரபரக்கிற வாசகரிடம் ஒன்று கேட்கலாம். இருவரில் எவன் ஜெயித்தால் ஜாக் பிழைப்பான்?

3

இதற்குப் பதில் ஒன்று தயாராக இருக்கும்: இது பொழுதுபோக்கு நாவல், காலப்பயணக் கதையில் போய்ச் சமூகநீதி தேடலாமா? தேடலாம். தேடினவர்கள் இருக்கிறார்கள்.

மார்க் ட்வைன் 1889இலேயே ஒரு அமெரிக்கத் தொழிலாளியை ஆர்தர் ராஜாவின் காலத்துக்கு அனுப்பி நாவல் எழுதினார். அதில் ராஜாவும் அவனும் ஏழைகள் வேசத்தில் நாடு சுற்றப் போய், பிடிபட்டு, அடிமைகளாக விற்கப்படுகிறார்கள். அடிமையானதைவிடத் தன் விலை குறைவாகப் போனதுதான் ராஜாவுக்குப் பெரிய அவமானமாகப் படுகிறது. வேசம் மாறினால் விலையும் மாறும் என்று அந்தக் கிழவர் நூறு வருசத்துக்கு முந்தியே எழுதிவிட்டார்.

கானி வில்லிஸின் 'டூம்ஸ்டே புக்' (1992) நாவலை 'டைம்லைன்' வாசகர்கள் அடிக்கடி ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். கிவ்ரின் என்கிற மாணவி 1320க்குப் போக நினைத்து, கொள்ளைநோய் வந்த 1348இல் போய் விழுகிறாள். 'டைம்லைன்' காட்டாத சாவும் இரக்கமும் இதில் இருக்கின்றன. ஊர் முழுக்கச் சாகும்போது கூட நிற்பவர் ஏழைப் பாதிரியார் ஒருவர். ஆனாலும் கிவ்ரினும் உயர்குடிப் பெண் என்கிற வேசத்தில்தான் போகிறாள்.

கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலுக்கு வருவோம். 1976இல் கலிபோர்னியாவில் இருக்கிற டேனா என்கிற கறுப்புப் பெண் திடீர் திடீரென்று அடிமைமுறை நடக்கிற மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அவளைக் கேட்டு யாரும் அனுப்பவில்லை. எந்திரமில்லை, உடுப்பு மாற்ற நேரமில்லை. அவள் தோலே போதும். போய் இறங்கின இடத்தில் அவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அவளுடைய வெள்ளைக்காரக் கணவனும் ஒரு தடவை கூடப் போய்விடுகிறான். அவனுக்கு அந்தக் காலம் பார்க்க வேண்டிய காலமாகத் தோன்றுகிறது. மேற்கே போய் நாடு உருவாவதைப் பார்க்கலாமே என்கிறான். மேற்கே செவ்விந்தியர்களுக்கு என்ன நடக்கிறது என்று அவள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. மாரெக்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிற வாசகரை, 'டைம்லைன்' வருவதற்கு இருபது வருசம் முந்தியே பட்லர் தன் நாவலுக்குள் உட்காரவைத்துவிட்டார். ஒரே கட்டிலில் படுத்திருந்த இரண்டு பேர் ஒரே வருசத்துக்குப் போகிறார்கள், இறங்குவது இரண்டு உலகத்தில். டேனா கடைசியில் ஒரு கையை இழந்துதான் திரும்புகிறாள்.

இந்த நாவலுக்குத் தூண்டுதல் எது என்று பட்லர் சொல்லியிருப்பது நம் இயக்கங்களில் இருக்கிற இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. முந்தின தலைமுறைக் கறுப்பர்கள் அடங்கிப் போனார்கள் என்று ஆத்திரப்பட்ட ஒரு இளைஞரின் பேச்சுதான் தூண்டுதல். பட்லரின் அம்மா வெள்ளைக்காரர்கள் வீட்டில் வேலை பார்த்தவர். அந்த அவமானத்தைத் தின்றுதான் பிள்ளைக்குச் சோறு வந்தது என்பது மகளுக்குத் தெரியும். ஆக, காலப்பயணம் என்கிற உத்தியை அவர் எடுத்தது பொழுதுபோக்க அல்ல. எங்க ஆத்தா ஏன் வாய்மூடி நின்னா என்று கேட்கிறவனை, ஆத்தா நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க.

4

இது பிரான்சும் அமெரிக்காவும் சம்பந்தப்பட்டது, நமக்கென்ன என்று விட முடியாது. 'டைம்லைன்' மாதிரி நாவலைப் படித்துவிட்டு இங்கே எழுகிற முதல் ஆசையே, இப்படி ஒரு எந்திரம் கிடைத்தால் சோழர் காலத்துக்குப் போக வேண்டும் என்பதுதான். சரி, போகலாம். ராஜராஜன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. வரியில்லாத இடம் என்று கழிக்கிற பட்டியலில் ஊர்நத்தம் வருகிறது, பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, 'தீண்டாச்சேரி' என்றே ஒரு சொல் வருகிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது சோழர் 'பொற்காலம்' நடத்தின வாத்தியாரிடம் ஒரு நண்பன் எழுந்து இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டான். 'அதெல்லாம் பரீட்சைக்கு வராது' என்று உட்காரச் சொன்னார். வரவும் இல்லை. எந்திரம் வந்தால் அந்த வாத்தியார் கோயில் மண்டபத்தில் போய் இறங்குவார். நண்பனும் நானும் எங்கே இறங்குவோம் என்று கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறது.

5

மறுபடி நாவலுக்கு. ஐ.டி.சி. முதலாளி டோனிகர் என்கிறவன் ஏன் இவ்வளவு பணம் கொட்டி எந்திரம் செய்தான்? இனிமேல் சனங்கள் அசலானதைத் தேடி அலைவார்கள், செயற்கை படாத அசல் கடந்தகாலம்தான், அதைச் சுற்றுலாவாக விற்கலாம் என்பது அவன் கணக்கு. கிரைட்டன் இதைக் கிண்டலாகத்தான் எழுதுகிறார், டோனிகர் வில்லன்தான். ஆனால் வாசகன் காசு கொடுத்து வாங்கியதும் அதே சரக்கு இல்லையா? ஆபத்து உண்டு, திரும்பி வர டிக்கெட்டும் உண்டு. பிரபுவின் சாப்பாட்டு மேசையைப் பார்க்கலாம், மாட்டுக்கொட்டகையில் படுக்க வேண்டாம்.

முடிவைக் கவனியுங்கள். டோனிகருக்குத் தண்டனையாக அவனை 1348க்கு, கொள்ளைநோய் பரவின ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடுப்பு மாற்றவில்லை, துணைக்கு ஆளில்லை, திரும்ப வழியில்லை. வாசகர்கள் இந்த இடத்தில் கைதட்டுகிறார்கள். எனக்கு இந்த நாவலிலேயே உண்மையான பக்கம் அதுதான். பாதுகாப்பில்லாமல், பெயரில்லாமல், கேட்க நாதியில்லாமல் அந்தக் காலத்தில் போய் நிற்பது மரண தண்டனை என்று கிரைட்டனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வில்லனுக்குத் தண்டனையாக விதித்த அந்த நிலைமையில்தான் அந்தக் காலத்து மனுசர்களில் பெரும்பாலானவர்கள் பிறந்து, அரைத்து, அறுத்து, செத்தார்கள். தண்டனை என்று அடையாளம் தெரிந்த அளவுக்கு அவர்களுடைய வாழ்க்கை என்று அடையாளம் தெரியவில்லை.

'டைம்லைன்' படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ரயிலில் போகும்போது படிக்கலாம், நேரம் போவது தெரியாது. ஆனால் நம் வாசிப்பு வட்டங்களில் இது மாதிரி நாவலை எடுக்கும்போது பக்கத்தில் 'கிண்ட்ரெட்'டையும் வையுங்கள். மாணவத் தோழர்கள் மூன்று கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு படியுங்கள்: இந்தக் கோட்டைக்குத் தண்ணி யார் சுமந்தது? மாவு யார் அரைத்தது? சாமி கும்பிட யார் எந்த வாசல் வழியாகப் போனது? பதில் கிடைக்காத பக்கத்தை மடித்து வையுங்கள். எத்தனை பக்கம் மடிபடுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் விமர்சனம் எழுதலாம்.

எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலப்பயணம், விஞ்ஞானக் கதை என்றால் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுங்கி நிற்கிறோம். நம்மிடமிருந்து தன்வரலாறு மட்டும்தான் வரும் என்று பத்திரிகைக்காரர்களும் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். திருகைக் கல்லைத் தோண்டியெடுக்கப் போன அந்தப் பேரனின் கூட்டத்துக்குள் நம் பிள்ளை ஒன்று போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று யாராவது எழுதுங்கள். அவனுக்குக் காதுக்கருவிகூட வேண்டாம், அங்கே என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குப் புரியும்.